ஒன்பது சீவல்கர்கள்

போன் வந்தபோது மாரீஸ்வரன் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஒரு பெட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை அடித்த பிறகுதான் முகமூடியைத் தூக்கிவிட்டு எடுத்தார்.

"மாரீஸ்வரன் சீவல்கர் போல் ரஹே ஹோ?"

"ஹா, போலியே," நான்தான், சொல்லுங்கள் என்றார்.

ரயில்வே போலீஸ் ஏட்டு ஷிண்டே என்று சொன்னவர் மராத்தியும் இந்தியும் கலந்து விஷயத்தைச் சொன்னார். முந்தாநாள் காலை கல்யாண் லோக்கலில் ஒரு வயதான அம்மா மயங்கி விழுந்துவிட்டாள். மாட்டுங்கா ஸ்டேஷனில் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. பையில் மாட்டுங்காவுக்கு ஒரு ரிட்டர்ன் டிக்கெட், பிரஷர் மாத்திரை, இலவசக் கண் முகாமில் கொடுத்த ஒரு சீட்டு. சீட்டில் 'எம். சீவல்கர், வயது 77' என்று மட்டும் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது காணவில்லையா?

"எங்க வீட்ல நாலே பேர்தான் சாப். நாலு பேரும் இருக்கோம்," என்றார் மாரீஸ்வரன்.

"வோட்டர் லிஸ்ட் முழுக்கத் தேடிட்டேன். மகாராஷ்டிரா பூராவுக்கும் இந்தப் பேர்ல ஒன்பது பேர்தான். தாராவியில நீங்க நாலு பேர். செம்பூர்ல மூணு, ஆண்டாப் ஹில்ல ஒண்ணு, கல்யாண்ல ஒண்ணு. கல்யாண் வீடு பூட்டியிருக்கு. ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க."

பேசி முடித்துவிட்டு மாரீஸ்வரன் பெட்டிக்கு வெளியே வந்து நின்றார். அவருக்கு ஐம்பத்து நாலு வயது. இத்தனை வருஷத்தில் தன் குடும்பத்துக்கு வெளியே ஒரு சீவல்கரைக்கூட அவர் பார்த்ததில்லை. அது தங்கள் குடும்பத்துக்கு மட்டுமே உள்ள பட்டப்பெயர் என்று அப்பா ஆறுமுகநயினார் சொல்லியிருந்தார். ஏதோ ஒரு காலத்தில் ஒரு பெரிய மனிதர் கொடுத்த பட்டம் என்பார். யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். திருநெல்வேலிப் பக்கம் கல்யாணம் காட்சிக்குப் போனபோதெல்லாம் மாரீஸ்வரன் விசாரித்திருக்கிறார். அங்கே அந்தப் பெயரைக் கேட்டவர்கள், "இது மராட்டிக்காரன் பேரு மாதிரில்லா இருக்கு?" என்று சிரித்தார்கள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். இல்லை என்று சொல்லிவிட்டு வருவதற்காகத்தான் போனார்.

பிணவறைக்கு வெளியே மரப்பெஞ்சில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். கறுப்பு புர்காவின் தலைத்துணியைப் பின்னால் தள்ளியிருந்தார். முகம் அழுது வீங்கியிருந்தது. பக்கத்தில் ஷிண்டே ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"வாங்க. இவங்க சைனப் சீவல்கர், ஆண்டாப் ஹில். அடையாளம் சொல்லிட்டாங்க. இவங்க சித்தியாம்."

மாரீஸ்வரனுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. சீவல்கர் என்ற பெயருக்கு முன்னால் சைனப் என்ற பெயரை அவர் காது ஏற்றுக்கொள்ளவில்லை. ஏதோ எழுத்துப் பிழை என்று நினைத்தார். எப்படியும் தன் வேலை முடிந்தது என்று ஒரு நிம்மதியும் வந்தது.

"அப்போ நான் கிளம்பட்டுமா சாப்?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் தலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தமிழில், அதுவும் மாரீஸ்வரனின் அப்பா பேசிய அதே தமிழில் கேட்டார்.

"நீங்க ஆறுமுகநயினார் மகனா தம்பி?"

"ஆமா. அப்பாவைத் தெரியுமா?"

"பார்த்ததில்ல. சாச்சி சொல்லக் கேட்டிருக்கேன்." அவர் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். "உக்காருங்க. உள்ள கிடக்கிறது என் சாச்சா கரீம் பாட்சாவோட பொஞ்சாதி. மதீனா பீவின்னு பேரு. ஆனா அது கல்யாணத்துக்குப் பொறவு வச்ச பேரு. பொறந்தப்போ வச்ச பேரு மீனாட்சியம்மாள். தளவாய் சீவல்கர் மக. உங்க அப்பாவோட கூடப்பிறந்த தங்கச்சி."

தளவாய் என்பது தாத்தாவின் பெயர். மாரீஸ்வரன் உட்கார்ந்துவிட்டார்.

அத்தை ஒருத்தி இருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். அவர் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னால் அம்மை கண்டு செத்துப்போனாள் என்று அப்பா சொல்லியிருந்தார். ஆடி அமாவாசைக்கு மாஹிம் கடற்கரையில் தர்ப்பணம் கொடுக்கும்போது தாத்தா பெயரோடு அவள் பெயரையும் சொல்லி எள்ளும் தண்ணியும் விடுவார். அப்பா இருந்தவரை அது நடந்தது. அவருக்குப் பிறகு ஏழு வருஷமாக மாரீஸ்வரனும் விட்டுக்கொண்டிருக்கிறார். உயிரோடு இருந்தவளுக்கு.

"எப்படிக்கா?" என்று மட்டும் கேட்டார்.

சைனப் மெதுவாகச் சொன்னார். சீவலங்குளம் என்ற ஊரிலிருந்து தளவாயும் தன் தாத்தாவும் ஒரே ரயிலில் பம்பாய் வந்தவர்கள். பரேல் பக்கம் ஒரு மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று போய் வரிசையில் நின்றார்கள். மேஜையில் இருந்த மராட்டி குமாஸ்தா பெயரைக் கேட்டுவிட்டு, "ஆட்நாவ் காய்?" என்றான். குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிறான் என்பது இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. எந்த ஊர் என்று கேட்பதாக நினைத்துத் தளவாய் ஊர்ப் பெயரைச் சொன்னார். ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்துக் குடும்பப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். நீளமாக இருந்ததைச் சுருக்கி, 'தளவாய் சீவல்கர்' என்று எழுதிக்கொண்டான். பின்னால் நின்றவரைக் கேட்டபோது, "அதே ஊருதான்" என்று தளவாய் கையைக் காட்டினார். அவரும் சீவல்கர் ஆகிவிட்டார்.

"அவ்வளவுதான் தம்பி. மில் பாஸ்ல எழுதினது ரேஷன் கார்டுக்கு வந்துச்சு. அதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்துல எழுதினாங்க. எங்க வாப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. எங்களுக்கும் இந்தப் பேரு, உங்களுக்கும் இந்தப் பேரு. மில் ஆளுங்க வரிசையாக் குடியிருந்த ஒரே சால்ல அடுத்தடுத்த ரூம். ஒருத்தர் லெட்டரை இன்னொருத்தர் வீட்ல போட்டுட்டுப் போவானாம் தபால்காரன்."

"அப்பா இதைச் சொல்லவே இல்ல."

"சொன்னா எங்களைச் சொல்லணுமே. எங்களைச் சொன்னா அவங்களைச் சொல்லணும்."

மீனாட்சி போனது அறுபத்தெட்டில். பக்கத்து ரூம் கரீம் பாட்சாவோடு போனாள். இரண்டு வீட்டிலும் ரகளை. ஆறுமுகநயினார் அன்றைக்கே தங்கையைத் தலைமுழுகிவிட்டு, குடும்பத்தோடு அந்த ரூமைக் காலி செய்து தாராவிக்கு வந்துவிட்டார். கரீமின் அண்ணனும், அதாவது சைனபின் வாப்பாவும், பத்து வருஷம் தம்பியோடு பேசவில்லை. ஜோடி கல்யாண் போய்ச் சேர்ந்தது. பிள்ளை குட்டி கிடையாது. கரீம் ஒரு தையல் கடையில் இருந்தார். நாலு வருஷம் முன்னால் இறந்துபோனார்.

"சாச்சி ஒரு தடவை சொன்னாங்க," என்றார் சைனப். "கல்யாணத்துக்கு எல்லாத்தையும் மாத்துனேன், கடைசிப் பேரை மட்டும் மாத்த வேண்டியிருக்கலன்னு. தொண்ணூத்தி மூணு இந்து முஸ்லிம் சண்டையப்போ ஒரு கூட்டம் வந்து வீடு வீடா பேர்ப்பலகையைப் படிச்சுக்கிட்டே வந்துச்சாம். சீவல்கர்னு பார்த்துட்டு மராட்டி வீடுன்னு நினைச்சுக் கடந்து போயிட்டானுங்களாம். அன்னைக்கு ராத்திரி பூரா, 'எங்க அண்ணன் பேரு காப்பாத்துச்சு'ன்னு சாச்சி சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம்."

மாரீஸ்வரன் எழுந்து உள்ளே போனார். பிணவறை ஆள் துணியை விலக்கினான். அப்பாவின் நெற்றி. அப்பாவின் மூக்கு. கடைசி நாட்களில் பல் செட்டைக் கழற்றி வைத்த பிறகு அப்பாவின் வாய் எப்படி உள்வாங்கியிருந்ததோ அப்படியே. வேறு சாட்சி அவருக்குத் தேவைப்படவில்லை. கையைக் கூப்புவதா, என்ன செய்வது என்று தெரியாமல் அவள் காலைத் தொட்டார். ஐஸ் மாதிரி இருந்தது.

வெளியே வந்ததும் ஷிண்டே ஃபாரத்தை நீட்டினார். உடலைப் பெற்றுக்கொள்பவர் பெயர், இறந்தவருக்கு உறவு, கையெழுத்து. சைனப் பேனாவை வாங்கி மாரீஸ்வரனிடம் கொடுத்தார்.

"ரத்த சொந்தம் நீங்கதான். போட விருப்பமில்லன்னா நான் போடுறேன். ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"ஒரு நிமிஷம்க்கா," என்று சொல்லிவிட்டு அவர் வராந்தா ஓரத்துக்குப் போய் அக்கா விசாலாக்ஷிக்குப் போன் செய்தார். டோம்பிவிலியில் இருக்கும் அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. அத்தை போனபோது அவளுக்கு அஞ்சு வயசு. முழுவதையும் கேட்டுவிட்டு அக்கா ஒரு ஆச்சரியமும் காட்டவில்லை.

"உனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும். வெளிய சொல்லக் கூடாதுன்னு அப்பா என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினாரு."

"கல்யாண்ல இருந்திருக்கா. உனக்கு ரெண்டு ஸ்டேஷன் தள்ளி."

அக்காவின் குரல் கடுமையாக வந்தது. "ஏல மாரி, அப்பா தலைமுழுகுன ஆளு. அவுக ஆளுக வந்திருக்காவல்லா, அவுக பார்த்துக்கிடட்டும். நீ கையெழுத்து கிழுத்து போட்டு வைக்காத. நாளைக்கு உன் மவளுக்கு மாப்பிள்ளை பாக்கணும்."

போன் நின்றுவிட்டது. மாரீஸ்வரன் வராந்தாவிலேயே நின்றார். அப்பாவை நினைத்துக் கோபம் வரவில்லை, அதுதான் அவருக்கு வருத்தமாக இருந்தது. ஆடி அமாவாசை தோறும் இடுப்பளவு தண்ணீரில் நின்று தங்கை பெயரைச் சொன்ன மனுஷன். பெயரைச் சொல்வதற்கு வருஷத்தில் அந்த ஒரு நாளைத்தான் வைத்திருந்தார் போலிருக்கிறது. அதற்காக அவளைச் சாகடிக்க வேண்டியிருந்தது.

மனைவி மாலதியைக் கூப்பிட்டார். மாலதி இரண்டே கேள்வி கேட்டாள். "உங்க அத்தைங்கிறது நிச்சயம்தானே?" "அவங்களுக்குப் பிள்ளைங்க யாரும் இல்லையே?" பிறகு, "போட்டுட்டு வாங்க. நானும் பிள்ளைகளைக் கூட்டிட்டு வாரேன். எங்க வரணும்?" என்றாள்.

உறவு என்ற இடத்தில் மாரீஸ்வரன் மராத்தியில் 'அண்ணன் மகன்' என்று எழுதினார். ஷிண்டே பெயர்களைச் சரிபார்த்துவிட்டு, "அப்போ எல்லாரும் ஒரே குடும்பம்தான்," என்றார். மாரீஸ்வரன், சைனப் இரண்டு பேருமே அதற்கு மறுத்துப் பேசவில்லை.

செம்பூரிலிருந்து சைனபின் தம்பி தாஹிர் ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்துகொண்டு வந்தான். கல்யாணில் கணவனுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும் என்று ஜமாஅத்தில் சொல்லியிருந்தார்கள். ஆம்புலன்ஸில் போகும் வழியெல்லாம் மாரீஸ்வரன் ஒரு கையால் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மா எதற்காக அன்று மாட்டுங்கா டிக்கெட் எடுத்தாள் என்று தாஹிரிடம் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. கண் முகாம்காரர்கள் அங்கே ஏதாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம் என்றான். இருக்கலாம். ஒர்க்‌ஷாப் கேட் ஸ்டேஷனுக்கு எதிரில்தான் இருக்கிறது. தினமும் ஆயிரம் பேர் நுழைகிற கேட். அதற்கு மேல் யோசிக்க அவர் தன்னை விடவில்லை.

பெண்கள் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றிக் கொடுத்தார்கள். மாலதியும் மகளும் சைனபுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. தொழுகை நடந்தபோது மாரீஸ்வரன் மகனோடு ஓரமாக, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது தாஹிர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, வாங்க," என்றான். அவர் முன்பக்கம் தோள் கொடுத்தார். பாரமே இல்லை. குழிக்குள் மூன்று பிடி மண் போட்டார்.

கபர்ஸ்தான் அலுவலகத்தில் ஒரு பெரியவர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறந்தவர் பெயர் மதீனா பீவி சீவல்கர் என்று எழுதினார். "வாலித் கா நாம்?" என்று அவளுடைய அப்பா பெயரைக் கேட்டார்.

தாஹிர் மாரீஸ்வரனைப் பார்த்தான்.

"தளவாய்," என்றார் மாரீஸ்வரன். "தளவாய் சீவல்கர்."

பெரியவர் பேனாவை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு உருதுவில் எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. மாலதியும் பிள்ளைகளும் லோக்கலில் உட்கார இடம் பிடித்துவிட்டார்கள். மாரீஸ்வரன் கதவோரம் நின்றார். டாக்குர்லி தாண்டி வண்டி டோம்பிவிலிக்குள் நுழையும்போது போன் அடித்தது. அக்கா.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது. கையெழுத்து போட்டேன். மண்ணும் போட்டேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். ரயில் நின்று, கூட்டம் இறங்கி, ஏறி, மறுபடி நகர்ந்தது.

"என்ன சேலை கட்டியிருந்தா?" என்றாள் விசாலாக்ஷி.

"நீலம். நூல் சேலை. சின்னக் கட்டம் போட்டது."

"முடி?"

"முழுக்க வெள்ளை. ஆனா நல்ல நீளம்க்கா. சைனப் அக்கா மூணு பின்னலாப் பின்னி விட்டாங்களாம், மாலதி சொன்னா."

அக்கா அழ ஆரம்பித்தாள். அவள் அப்படி அழுது அவர் கேட்டதே இல்லை, அப்பா செத்தபோதுகூட. கூட்டத்தின் இரைச்சலில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"எனக்குத் தினமும் அவதாம்ல தலை பின்னி விடுவா," என்று அக்கா சொன்னாள். "வெள்ளிக்கிழமை வாரேன். அந்த இடத்தை எனக்குக் காட்டு."

"சரிக்கா," என்றார் மாரீஸ்வரன்.