பிற என்ற கட்டம்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கதை என்றால் காதலிலிருந்தோ கோபத்திலிருந்தோ வர வேண்டும் என்று நினைப்பீர்கள். எனக்கு வாய்த்தது ஏழு கட்டம் போட்ட ஒரு காகிதம்.

என் வேலை படம் பார்ப்பது. உடனே "கொடுத்து வைத்தவன்" என்று சொல்லாதீர்கள். வீட்டோடு உட்கார்ந்து பார்க்கலாமா என்று தயங்குகிற குடும்பங்களுக்காக ஓர் இணையதளம் இருக்கிறது. அதற்காக நான் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்து குறித்துக்கொண்டே வருவேன். முத்தம், ஆறு நொடி. கெட்ட வார்த்தை, நான்கு. அதில் ஒன்று முணுமுணுப்பு. ரத்தம், சட்டையில் மட்டும். இவற்றோடு அடிதடி, உடை, குடி என்று மொத்தம் ஆறு கட்டங்கள். ஏழாவது கட்டம் 'பிற'. சேர்ந்த அன்றே அது எதற்கு என்று மேலாளரிடம் கேட்டேன்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும் சார். ஒரு ஃபாரம்னா 'பிற'ன்னு ஒண்ணு இருந்தாத்தான் பார்க்க நல்லா இருக்கும்," என்றார்.

ஐந்து வருடமாக அதைக் காலியாகவே விட்டு வந்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "சூட்கேஸை இழுத்துக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றபோது வானம்..."

(வானம் என்ன செய்தது என்று தெரியவில்லை. நான் வானத்தைப் பார்க்கவில்லை. விட்டுவிட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் என் தங்கை பெரிய சூட்கேஸோடு புருஷன் வீட்டிலிருந்து வந்தாள். "ஆபீஸ்ல லீவு குடுத்தாங்கப்பா, ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்," என்று அப்பாவிடம் சொன்னாள். மாடிப்படியில் என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

"நான் திரும்பிப் போகப் போறதில்லண்ணா. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

அடுத்து நான் பேசியதை மூன்று பிரதிகளில் மறைத்துவிட்டேன். இதில் எழுதுகிறேன்.

"மாப்பிள்ளை கை ஓங்கினாரா?"

"இல்ல."

"குடியா?"

"இல்ல."

"வேற யாராவது..."

"அதெல்லாம் இல்லண்ணா."

"திட்டுவாரா?"

"பேசினாத்தானே திட்ட? எட்டு மாசமாச்சு. நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே லைட்டை அணைச்சிட்டுப் போயிடுவார். அங்க ஒருத்தி உக்காந்திருக்கான்னே தெரியாத மாதிரி."

"அப்போ பெருசா ஒண்ணும் இல்லன்னு சொல்லு," என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் ஃபாரத்துல இல்லாட்டி ஒண்ணுமே நடக்கலன்னு அர்த்தமாண்ணா?"

கீழே இறங்கிப் போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

(அம்மா ஏன் இந்தக் கதையில் இல்லை என்று கேட்காதீர்கள். அவள் உயிரோடு இருந்திருந்தால் கதையே இருந்திருக்காது. சூட்கேஸின் கனத்தைப் பார்த்தே முதல் நாள் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள்.)

3

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பது வருடம் பார்வை சோதித்தவர். "இது தெளிவா இருக்கா? இப்போ? முதல்ல போட்டதா, இதுவா?" சட்டை வாங்கப் போனாலும் எங்களிடம் இதே கேள்விதான்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது டிவியில் ஏடாகூடமாக ஏதாவது வந்தால் அவர் சேனலை மாற்ற மாட்டார், இரும மாட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பிப்பார். காட்சி முடியும்வரை துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் தரையைப் பார்க்க வேண்டும். யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம் அது. நீளமான முத்தம் என்றால் கண்ணாடி பளபளவென்று ஆகிவிடும். என் தொழிலுக்கு முதல் ஸ்டாப்வாட்ச் அதுதான்.*

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் ஒரு படம் பார்த்தோம். தேர்ந்தெடுத்தது நான். ஆறு கட்டத்திலும் பூஜ்யம். எட்டு வயதிலிருந்து எண்பது வரைக்கும் யாரும் பார்க்கலாம் என்று நானே எழுதிக் கொடுத்த படம்.

"அதுல எதுவும் இல்லையேண்ணா?" என்று தங்கை இரண்டு தடவை கேட்டாள்.

"சுத்தமான படம். வந்து உக்காரு."

நடுவில் ஒரு கணவனும் மனைவியும் சாப்பிடுகிறார்கள். பேச்சு இல்லை, இசை இல்லை, கரண்டிச் சத்தம் மட்டும். அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறாள். அவன் பார்க்கவில்லை. வேலைக்காகப் பார்த்தபோது இந்த இடத்தில்தான் டீ போட எழுந்து போயிருந்தேன். குறிப்பதற்கு என்ன வந்துவிடப் போகிறது என்று.

பக்கத்தில் தங்கையின் மூச்சு மாறியது எனக்குக் கேட்டது.

* இந்தப் பத்தியைப் படித்த தங்கை, "ரொம்ப ரசிச்சு எழுதியிருக்க, கொஞ்சம் குறை," என்றாள். குறைக்கவில்லை.

4

இந்த இடத்தில் அப்பா என்ன செய்தார்?

முதல் பிரதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதாவது, புரிந்துவிட்டது, பார்க்க விரும்பவில்லை. இரண்டாவதில் படத்தை விட்டுவிட்டு மகளையே பார்த்தார். மூன்றாவதில் தூங்கிவிட்டார். (கிழித்துப் போட்டேன். சங்கடம் வரும்போது ஆளைத் தூங்க வைப்பது கையாலாகாத எழுத்தாளனின் வேலை.) எது தெளிவாக இருக்கிறது உங்களுக்கு? முதலில் போட்டதா, இரண்டாவதா?

உண்மையில் எனக்குத் தெரியாது. நான் அப்பாவைப் பார்க்கவே இல்லை. பாழாய்ப்போன தொழில் புத்தி, கை தானாகப் போனை எடுத்து ஸ்டாப்வாட்ச்சை ஓட்டிவிட்டது. மூன்று நிமிடம் நாற்பது நொடி. நிமிர்ந்தபோது தங்கை அறைக்குள் போயிருந்தாள். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டாரா, கழற்றவே இல்லையா?

மறுநாள் அந்தப் படத்தின் படிவத்தைத் திறந்து 'பிற' கட்டத்தில் எழுதினேன்: "கணவனும் மனைவியும் மூன்று நிமிடம் நாற்பது நொடி பேசாமல் சாப்பிடுகிறார்கள். உங்கள் வீட்டில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்."

மேலாளர் போன் செய்தார். "சார், சாப்பிடறதுல என்ன சார் ஆபாசம்?"

"ஒண்ணும் இல்ல சார். அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றேன்.

5

இதுவரை எழுதியதைத் தங்கையிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள்.

"கிழிச்சிடட்டுமா?" என்றேன்.

காகிதங்களை அடுக்கி ஓரம் சேர்த்தாள். "அப்பாகிட்ட குடு."

"நீயே சொல்லிடேன்."

"எனக்கு வாய் வரலண்ணா. தினமும் பக்கத்துல போய் உக்காந்து, டீ வேணுமாப்பான்னு கேட்டுட்டு வந்துடறேன். இதுல எல்லாம் இருக்குல்ல. குடு."

நான்கு பகுதி, நான்கு பக்கம். கொடுத்தேன். இந்த ஐந்தாவது அவர் கையில் இல்லை, உங்களுக்கு மட்டும்தான்.

அப்பா நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். தங்கை கதவோரம் நின்றாள். முதல் பக்கத்தில் சிரித்தார். இரண்டாவதை இரண்டு முறை படித்தார். மூன்றாவதில் அவர் கை கண்ணாடிக்குப் போயிற்று.

இந்தத் தடவை நான் போனை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தை எடுத்தார். முடித்ததும் பின்புறம் திருப்பிப் பார்த்தார். காலி.

"மீதி எங்கடா?"

"இன்னும் எழுதலப்பா."

"மீதியை நான் சொல்றேம்பா," என்றாள் தங்கை.

அப்பா பக்கத்திலிருந்த நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

முடிவு கேட்பீர்கள். என்னிடம் இல்லை. நான் டீ போட எழுந்து போய்விட்டேன், இந்த முறை தெரிந்தே. போகும்போது கதவைச் சாத்தினேன். அவள் என்ன சொன்னாள், அவர் என்ன சொன்னார், எவ்வளவு நேரம் ஆயிற்று என்றெல்லாம் என்னைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. மூன்று டம்ளர் எடுத்து வைத்துவிட்டு, அவர்களே கூப்பிடட்டும் என்று அங்கேயே நின்றேன்.