மேலே பார்த்த ஆள்

ஆலங்கட்டி மழையில் அடிபட்ட கூரைகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது என் தொழில். நெப்ராஸ்காவில் ஆலங்கட்டிக்குப் பஞ்சமே இல்லை, அதனால் எனக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஊரான் கூரைக்கெல்லாம் இன்சூரன்ஸ் வாங்கித் தந்த எனக்குச் சொந்தக் குழந்தையின் வைத்தியத்துக்கு உருப்படியான இன்சூரன்ஸ் இல்லை. மகள் ட்ரூடிக்கு இதயத்தில் சின்ன ஓட்டை. அதைச் சொன்ன டாக்டர் புன்னகையோடுதான் சொன்னார், பில்லை அனுப்பியவர்கள் புன்னகைக்கவில்லை.

ராணுவத்தின் ரிசர்வ் படையில் சேர்ந்தால், பயிற்சி முடிந்த பிறகு மாதத்தில் ஒரு சனி ஞாயிறு போனால் போதும். கொஞ்சக் காசில் குடும்பத்துக்கே வைத்தியம். தேசக் கொடிக்காகச் சேர்ந்தேன் என்று நான் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை.

ஆள் சேர்க்கும் அலுவலகத்தில் ரிக்ஸ் என்று ஒருவர் இருந்தார். என் மனைவி மரிபெத்தும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"லாரி ஓட்டுறியா? சமையல்? புதைச்சு வெச்ச குண்டை எடுக்கற வேலையும் இருக்கு. அதுக்கு ஒரு பய வரமாட்டேங்கறான்," என்றார் ரிக்ஸ்.

"இவரு எலிப்பொறி வெக்கவே பயப்படுவாரு," என்றாள் மரிபெத். "உக்காந்து செய்யற வேலை ஏதாவது இருந்தா சொல்லுங்க."

"அப்ப உளவுப் பிரிவு. மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர். மிஞ்சிப்போனா முதுகு வலிக்கும்மா."

"யாரையும் கொல்லவேண்டியது வராதே?"

ரிக்ஸ் சிரித்தார். "கூரையப் பாத்து எங்க ஓட்டைன்னு சொல்றவருதானே உன் புருஷன்? இங்கயும் அதேதான். பாக்கணும், சொல்லணும். மத்தத மத்தவங்க பாத்துப்பாங்க."

அந்தக் கடைசி வாக்கியம் எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. இருவருமே விழாத மாதிரி இருந்துவிட்டோம். கார்வின் செட்லாசெக் என்று கையெழுத்துப் போட்டேன். என் கையால் ஒரு உயிர் போகாது, என் உயிரும் போகாது, மகளுக்கு வைத்தியம் நடக்கும். ஒரு மனிதனுக்கு இதைவிட நல்ல பேரம் அமையுமா என்ன?

பயிற்சியெல்லாம் முடித்து, டிராக்டர் கடைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன். ஜன்னல் இல்லாத அறை. செல்போனை வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எனக்கு மேலதிகாரி சார்ஜென்ட் கொரின் டெக்கர். என்னைவிட வயதில் சின்னவள். வாரநாட்களில் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் வேலை. மாட்டைப் பிடித்துப் பழகிய கை என்பது அவள் நாற்காலியை நகர்த்தும்போதே தெரியும். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இந்த வீடு இனிமே உன்னோடது," என்று திரையைக் காட்டினாள். ஆளில்லா விமானம் மேலிருந்து எடுத்த வீடியோ படம். மண்சுவர் சூழ்ந்த ஒரு வீடு, முற்றம், ஒரு மரம், பக்கத்தில் சாலை. "இவங்க எப்படி வாழறாங்கன்னு கத்துக்க. எப்ப எந்திரிக்கறாங்க, எப்ப சமைக்கறாங்க, எல்லாம். அந்தச் சாலையில நம்ம வண்டிங்க போகும். கடைசியில எனக்கு ஒரே பதில் வேணும். அங்க இருக்கற ஆம்பள சாதாரண ஆளா, இல்ல சாலைய வேவு பாத்துப் போன்ல சொல்றவனா?"

"நான் சொன்னதுக்கப்புறம்?"

"மேல போகும்."

எந்த நாடு, எந்த நாள் என்று கேட்டேன். கேட்கக்கூடாது என்றாள்.

மாதாமாதம் அந்த வீட்டுக்குப் போய் வந்தேன். போய் வந்தேன் என்றுதான் சொல்லவேண்டும், அப்படித்தான் இருந்தது. காலையில் புகை கிளம்பும். ஒரு பெண் முற்றம் பெருக்குவாள். கோழிகள் அவள் பின்னாலேயே ஓடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஆள் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து சுவரோரம் போட்டு உட்காருவான். கொஞ்ச நேரம் சாலையைப் பார்ப்பான். பிறகு அண்ணாந்து மேலே பார்ப்பான். நேராக, என் கண்ணை.

முதல் தடவை நான் நாற்காலியோடு பின்னுக்குப் போய்விட்டேன்.

"அவனுக்கு நம்மளத் தெரியுதா, சார்ஜென்ட்?"

"அந்த உயரத்துல ஒண்ணும் தெரியாது. கொசு ரீங்காரம் மாதிரி ஏதாவது கேக்கலாம்."

"பின்ன ஏன் பாக்கறான்?"

"அதத்தான் உன்னக் கேக்கறேன்."

போகப்போக ஒரு விஷயம் என்னைப் பயமுறுத்த ஆரம்பித்தது. அவன் பிடரியைச் சொறிவதற்கு ஒரு நொடி முன்பே என் கை என் பிடரிக்குப் போனது. அவன் இருமுமுன் எனக்கு இருமல் வந்தது. பழக்கதோஷம் என்று சொல்லிக்கொண்டேன். தேற்றிக்கொள்ள ஒரு வார்த்தை கிடைத்தால் மனுஷன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான்.

பிப்ரவரியில் ஒருநாள் மரிபெத் என்னைத் தோளைப் பிடித்து உலுக்கினாள். எங்கள் வீட்டுக் கொட்டகைச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். முழங்காலில் பனி சேர்ந்திருந்தது. கோட்டுகூடப் போடவில்லை.

"கார்வின்! என்ன கண்றாவி இது? நாலு நாளா சாப்பிட்டதும் இங்க வந்து உக்காந்து வானத்தப் பாக்கறீங்க. பக்கத்து வீட்டுக்காரி கேக்கறா, உன் புருஷன் சர்ச்ச விட்டுட்டு கடவுள்கிட்ட நேரடியாவே பேச ஆரம்பிச்சுட்டாரான்னு."

"நாலு நாளா?"

"விளையாடாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

நான் விளையாடவில்லை. அந்த நாற்காலியை நான் தூக்கி வந்ததே எனக்கு நினைவில்லை. நினைவில் இருந்தது ஒன்றுதான். தலைக்கு மேல், மேகத்துக்குப் பின்னால், ஏதோ ஒன்று மெல்ல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. மரிபெத்துக்கு அது கேட்கவில்லை.

அடுத்த பயிற்சி நாளில் முடிவை எழுதிக் கொடுத்தேன். சாதாரண ஆள். சாப்பிட்டுவிட்டுக் காற்று வாங்குகிறான். டெக்கர் படித்தாள். தாளைத் திரும்ப என் பக்கம் தள்ளினாள்.

"மறுபடி பாரு."

பார்த்தேன். அதையே எழுதினேன்.

"நிச்சயமா?" என்றாள். "நாளைக்கு அந்தச் சாலையில இருபது வயசுப் பிள்ளைங்க வண்டியில போவாங்க. அதுல ஒரு வண்டி வெடிச்சா, அவங்க அம்மாகிட்ட போய், காத்து வாங்கறான்னு நெனச்சேன்னு சொல்லுவியா? முடிவெடுக்கத் தெரியாதவங்களுக்கு இந்த மேஜை எதுக்கு, செட்லாசெக்? பிரிவ விட்டே அனுப்பிடுவாங்க."

அனுப்பினால் இன்சூரன்ஸ் போகும். ட்ரூடிக்கு வசந்தத்தில் ஆபரேஷன். மூன்றாம் தடவை பார்த்தேன். பெண் பெருக்கினாள். கோழிகள் ஓடின. அவன் நாற்காலியைப் போட்டான், சாலையைப் பார்த்தான், அண்ணாந்தான். வலது கை காதுப் பக்கம் உயர்ந்தது.

கையில் போன் இருந்தது.

கறுப்பாக, சின்னதாக, தெளிவாக. இத்தனை மாதம் இது எப்படி என் கண்ணுக்குத் தப்பியது? வேவுகாரன் என்று எழுதி, கையெழுத்திட்டு அவளிடம் நீட்டினேன். மனசு லேசாகிவிட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் லேசாகத்தான் ஆனது.

டெக்கர் அதை வாங்கி இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

"இது ஒன்பது வருஷம் பழைய படம். அந்த வீடு இப்ப இல்ல, குண்டு போட்டாச்சு. அந்த ஆளும் இல்ல, பெருக்கினவளும் இல்ல. புதுசா வர்ற ஒவ்வொருத்தருக்கும் இதத்தான் குடுப்பேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, நிம்மதி. நான் யாரையும் கொல்லவில்லை. அப்புறம்தான் அடுத்த கேள்வி வந்தது.

"அப்ப யாரு சொன்னது, வேவுகாரன்னு?"

"நான்தான். எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. பக்கத்துல ஒரு கேப்டன் நின்னு அவசரப்படுத்திட்டிருந்தாரு. ரெண்டு தடவை சாதாரண ஆளுன்னு சொன்னேன். மூணாவது தடவைதான் அந்தப் போன் தெரிஞ்சுது."

"இருந்துச்சே, சார்ஜென்ட். நானும் பாத்தேனே!"

"அப்புறம் பெரிசு பண்ணிப் பாத்தாங்க, ஒவ்வொரு படமா. ஒண்ணுமில்ல. வெயில் கண்ணக் கூசுது, கையத் தூக்கறான். வெறுங்கை." அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, பெரிதாக்கிக் காட்டினாள். "பாரு."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். விளக்கைப் போட்டால் பேய் போய்விடவேண்டும் அல்லவா? நான் குனிந்து பார்த்தேன். விரல்கள் தெரிந்தன. விரல்களுக்கு நடுவில் கறுப்பாக, சின்னதாக, அது அப்படியே இருந்தது.

"இன்னும் தெரியுதுல்ல?" என்றாள் மெதுவாக. "எனக்கும்தான். ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் போறதில்ல."

"எல்லாருமே பாத்துடறாங்களா?"

"மூணாவது தடவை எல்லாருக்கும் தெரிஞ்சுடுது. தெரியலன்னு சொன்னவங்க இதுவரைக்கும் ஒருத்தர்கூட வரல."

"அப்புறம் எங்கள எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"வேற யார வெக்கறது?"

அவள் குரலில் கிண்டல் இல்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அவளுக்காகவா, எனக்காகவா, தெரியவில்லை.

"வேண்டாம்னா இப்பவே சொல்லு," என்றாள். "பிரிவு மாத்தச் சொல்லி எழுதறேன். ஆனா உடனே கெடைக்காது. நடுவுல உன் பொண்ணோட வைத்தியம் நின்னாலும் நின்னுடும். நிக்காமலும் போகலாம். அது என் கையில இல்ல."

எழுந்து கதவுவரை போனேன். பெட்டியில் என் செல்போன் அதிர்ந்துகொண்டிருந்தது. மரிபெத்தாகத்தான் இருக்கும், ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பார்கள். எடுக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"அடுத்த வீட்டக் குடுங்க, சார்ஜென்ட்."

டெக்கர் திரையை மாற்றினாள். வேறு சுவர், வேறு முற்றம். ஒரு பெண் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"இது பழசு இல்ல," என்றாள். "இப்ப நடக்கறது."