மறுத்ததற்கான காரணம்

நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, ஆப்பிள் தோட்டங்கள் நிறைந்த ஒரு சின்ன மாவட்டத்தில் மெரிட் வான் ஆல்ஸ்ட் பத்தொன்பது வருஷமாக நீதிபதி. கைத்துப்பாக்கிக்கு உரிமம் கொடுப்பதும் அவர் வேலை. வெளியே எடுத்துப் போக வேண்டுமென்றால், 'உங்களுக்கென்று தனிக் காரணம் என்ன?' என்று கேட்பார். சொன்ன காரணம் போதுமா போதாதா என்பது அவர் மனசைப் பொறுத்தது.

அந்தக் கோடையில் உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டது. ஆயுதத்தை வெளியே எடுத்துப் போவதும் அரசியல் சாசனம் தந்த உரிமை, அதற்கு யாரும் தனிக் காரணம் காட்ட வேண்டியதில்லை என்று தீர்ப்பு. "இனிமே கடையில ரொட்டி வாங்குற மாதிரிதான்" என்று மெரிட் மனைவியிடம் பொருமினார்.

அக்டோபரில் லொரெட்டா கிப்ஸ் உரிமத்துக்கான நேர்காணலுக்கு வந்தாள். ஐம்பதை நெருங்கும் கறுப்பினப் பெண். முதியோர் இல்லத்தில் செவிலி. விண்ணப்பத்தை மேஜைமேல் வைத்தபோது அவள் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

"எல்லாம் எழுதிட்டேன் ஐயா. ஒண்ணுதான் பாக்கி. முன்னால மறுத்திருக்காங்களான்னு கேட்டிருக்கு, ஆமான்னு போட்டேன். ஏன் மறுத்தாங்கன்னு அடுத்து கேக்குது. மறுத்தது நீங்கதான். என்ன எழுதட்டும்?"

மெரிட்டுக்கு அவளை நினைவில்லை. குமாஸ்தா ஜோலீன் நான்கு வருஷத்துக்கு முந்தைய கோப்புக் கட்டைக் கொண்டுவந்தாள். பிரிந்துபோன புருஷன் மிரட்டுகிறான் என்று லொரெட்டா மூன்று பக்கம் எழுதியிருந்தாள். அடியில் அவருடைய கையெழுத்தில் ஒரே வரி: 'பொதுவான பயம். தனிக் காரணம் இல்லை.'

"அப்புறம் என்ன ஆச்சு?"

"ஏழு வாரம் கழிச்சு, நான் கார் நிறுத்துற இடத்துல இரும்புக் கம்பியோட காத்திருந்தான். இப்ப ஜெயில்ல இருக்கான். ஏப்ரல்ல வந்துடுவான்."

துப்பாக்கி இருந்தால் மட்டும் தப்பியிருப்பாளா, பிடுங்கி அவளையே சுட்டிருப்பானே என்று மெரிட்டுக்கு உடனே தோன்றியது. அது கொஞ்சம் தெம்பாகவும் இருந்தது. ஆனால் கோப்புக் கட்டுக்குள் அடுத்த தாள் பல் மருத்துவர் ராய் ஃபென்னுடையது. சனிக்கிழமைகளில் அவரும் மெரிட்டும் சேர்ந்து மீன்பிடிக்கப் போவார்கள். காரணம்: 'படகில் போகும்போது தற்காப்புக்கு.' அடியில் மெரிட் எழுதியிருந்தார்: 'போதுமானது.' ராயிடமிருந்து யாராவது பிடுங்குவார்களா என்று அவர் யோசித்ததே இல்லை.



"அன்னிக்கு விதி கடுமையா இருந்துச்சு" என்றார்.

"எல்லாருக்குமா ஐயா?"

அவள் குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் ராயின் தாளைக் கையால் மறைத்திருந்தார். மறைத்திருப்பதை அப்போதுதான் உணர்ந்து, கையை எடுத்தார்.

"இல்ல."

விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்து அவரே எழுதினார்: 'விண்ணப்பதாரர்மேல் குறை இல்லை. நீதிபதி பாரபட்சம் காட்டினார்.' கையெழுத்தும் போட்டார்.

லொரெட்டா இரண்டு தடவை படித்தாள். "இதனால எனக்குத் தொல்லை ஒண்ணும் வராதே?"

"உங்களுக்கு வராது. வெள்ளிக்கிழமை உரிமம் வந்துடும்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு, "வேலைக்கு நேரமாச்சு" என்று எழுந்து போய்விட்டாள்.

பிறகு அவர் ஜோலீனைக் கூப்பிட்டு, இத்தனை வருஷத்தில் தான் மறுத்த, ஒப்புக்கொண்ட விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னார்.

"ஒரு விஷயம் பாக்கணும். ஒருவேளை நான் ஆளைப் பாத்து..."

"பாக்கவே வேணாம் ஐயா" என்றாள் ஜோலீன், தரையைப் பார்த்தபடி. "நீங்க எழுதின அத்தனையையும் கடிதமா டைப் அடிச்சு அனுப்பினது நான்தானே."