கைநாட்டின் கையெழுத்து

என் வீட்டுக்காரரின் கையெழுத்தை நான் முதன்முதலில் பார்த்தது நகராட்சி கொடுத்த ஒரு நகலில். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக அவர் எந்தக் காகிதத்துக்கும் கட்டைவிரலைத்தான் நீட்டியிருக்கிறார். இஸ்திரிப் பெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல் என்பதால் ரேகைகூட ஒழுங்காக விழாது.

அந்த நகலுக்கே மூன்று மாதம் நடையாய் நடந்தோம். கடைத்தெருக் கோடியில் இருக்கும் எங்கள் எட்டுக் கடைகளையும் இடித்து, இடத்தை நகராட்சித் தலைவரின் மைத்துனருக்கு லாரி நிறுத்தக் கொடுக்கப்போகிறார்கள். எட்டுப் பேரும் மனப்பூர்வமாகச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டோமாம். எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அந்தச் சம்மதக் கடித நகலில் கடைசியாக இவர் பெயர். நல்ல சாய்வு. கடைசி எழுத்தின் வால் வளைந்து முழுப் பெயருக்கும் அடிக்கோடாக ஓடியது. கோபத்துக்கு முன்னால் எனக்கு ஆச்சரியம்தான் வந்தது. திருட்டுக் கையெழுத்துக்கு எந்த மகராசன் இவ்வளவு மெனக்கெட்டான்? அதே கேள்வி மண்டையைக் குடைய, நகராட்சிக்குப் போகும்போதெல்லாம் யார் எழுதினாலும் எட்டி எட்டிப் பார்த்தேன். மூக்கை நுழைப்பது என் பிறவிக் குணம்.

செருப்புக் கடை அண்ணனின் புத்தி வேறு பக்கம் ஓடியது. மற்ற ஏழு பேருக்கும் எழுதத் தெரியும். போடவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். எழுதவே தெரியாதவர் எப்படிப் போட்டார் என்று கேட்டால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

"தம்பி, எட்டுக் கடையும் இப்போ உன் கட்டைவிரல்லதான் நிக்குது" என்றார். அதையே மனுவாக எழுதிக் கலெக்டருக்குப் போட்டோம்; விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

கைநாட்டு, கைநாட்டு என்று கேலி பேசிய வாய்களெல்லாம் அன்றிலிருந்து இவருக்கு டீ வாங்கிக் கொடுத்தன.

இவர் போக்கோ மாறிவிட்டது. துணிக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு விரலால் என்னவோ செய்வார். நான் கிட்டே போனால் சட்டென்று பெட்டியை வைத்துத் தேய்த்துவிடுவார். ஆவிதான் கிளம்பும். ஒரு மாதம் பார்த்தேன், பிடிபடவில்லை. ஒருநாள் சந்தைக்குப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் பின்பக்கமாக வந்தேன். நீலப் போர்வையின் மேல் ஈரமாக அதே கையெழுத்து. அதே சாய்வு, அதே வால்.

விசாரணையில் இதைப் போட்டுக் காட்டினால் எட்டுக் குடும்பமும் தெருவில் நிற்கும் என்று கத்தினேன். அவர் போர்வையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பேரு இப்படி இருக்கும்னு எனக்கு இத்தன நாளாத் தெரியாதே."

விசாரணை முடியும்வரை தொடமாட்டேன் என்று அவரிடம் வாக்கு வாங்கினேன்.

விசாரணை நடத்த வெளியூரிலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்திருந்தார். நகராட்சி எழுத்தர், இவர் எழுதத் தெரிந்தும் தெரியாததுபோல் நடிக்கிறார் என்று சாதித்தார். பிறகு தேனொழுகப் பேசி, வந்ததற்கு அடையாளமாகப் பதிவேட்டில் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார். நான் இவர் தொடையைக் கிள்ளினேன். மனுஷன் பேனாவை வாங்கிவிட்டார்.

மெதுவாக, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டார். செருப்புக் கடை அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். எழுத்தர் பதிவேட்டையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அச்சு அசல் ஒன்றுதான் என்றார். அதிகாரியம்மா காகிதத்தைப் பார்க்கவில்லை. இவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை போடச் சொன்னார்.

இந்தமுறை நானும் கவனித்தேன். வாலின் நுனியில் பேனாவை வைத்தார். அடிக்கோட்டை இழுத்து, கடைசி எழுத்தில் ஏறி, ஒவ்வொன்றாகப் பின்னால் வந்து, முதல் எழுத்தில் முடித்தார்.

"ஏன் கடைசியிலேர்ந்து போடுறீங்க?" என்றார் அதிகாரியம்மா.

"எதுங்க கடைசி? அந்தப் பேப்பரப் பாத்து வரைஞ்சு பழகுனேன். அழகா இருந்துச்சு. அது எந்தப் பக்கம் ஆரம்பிக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

உங்கள் பெயரின் முதல் எழுத்து எது என்று அம்மா கேட்டார். இவர் பெருமையாக வாலைத் தொட்டுக் காட்டினார். எழுத்தர் பதிவேட்டை மெல்ல மூடப் பார்த்தார். எட்டுக் கையெழுத்தையும் போட்டது யார் என்று கண்டுபிடிக்கும்வரை ஒரு செங்கல்லைக்கூடத் தொடக்கூடாது என்று அம்மா அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

வெளியே எல்லாரும் இவர் முதுகில் தட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான். ஊரார் மேசையையெல்லாம் எட்டிப் பார்த்தவள்.

படியிறங்கும்போது அவர் மெல்லக் கேட்டார்: "அப்போ எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?"

ஒரு திருடன் கற்றுக்கொடுத்த அளவுக்குக்கூட நான் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.