நனையாத பக்கம்

கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்திலிருந்த அந்தத் துணைமின் நிலையத்துக்கு ஜெயராணி வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால். திருச்சியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் இடுப்பு கடுத்தது. பெரிய டிரான்ஸ்பார்மர்களைச் சுற்றிக் குழாய் போட்டு, தீப்பிடித்தால் நாலா பக்கமும் தண்ணீர் பீய்ச்சும்படி வடிவமைப்பது பத்தொன்பது வருடமாக அவள் வேலை. இந்த ஒரு டிரான்ஸ்பார்மருக்கு மட்டும் ஆறு முறை வரைபடத்தை மாற்றியாகிவிட்டது. இன்று சோதனை முடிந்து கையெழுத்துப் போட்டால் விட்டது தொல்லை.

பத்து மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். இரண்டு மணிக்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அவள் கொண்டு வந்திருந்த கோலமாவைத் துணியில் தொட்டு டிரான்ஸ்பார்மர் முழுக்கத் தடவச் சொன்னாள். தண்ணீர் விழுந்த இடத்தில் மாவு கரைந்து போகும். விழாத இடம் வெள்ளையாக நிற்கும்.

வால்வைத் திறந்ததும் சிவப்புக் குழாய்களின் வாய்கள் எல்லாம் ஒன்றாகச் சீறின. ஐந்து நிமிடம் விட்டு நிறுத்தச் சொன்னாள். செருப்புச் சதசதக்கச் சுற்றி வந்தாள். மூன்று பக்கமும் சுத்தம். வடக்குப் பக்கம் மட்டும் ஓராள் அகலத்துக்கு மாவு அப்படியே இருந்தது. அங்கே ஒரு கேபிள் பெட்டி புடைத்துக்கொண்டு தண்ணீரை மறித்து நின்றது. அவளுக்கு வந்த வரைபடம் எதிலும் அந்தப் பெட்டி இல்லை.

"இம்புட்டுத்தான மேடம், மத்ததெல்லாம் நல்லா நனைஞ்சிருக்கு. போட்டுருங்க," என்றார் காண்ட்ராக்டரின் மேனேஜர் செந்தமிழன்.

அவள் பேனாவை எடுத்தாள். போட்டுவிடுவது என்றுதான் இருந்தாள். இடத்தை அளந்து, மறுபடி வரைந்து, மறுபடி இந்த பஸ்ஸில் ஏறி வருவதை நினைக்கவே உடம்பு மறுத்தது.

நிலையத்தின் ஆபரேட்டர் குணசேகரன் பக்கத்தில் வந்து நின்றார். "ஒண்ணு கேக்கலாங்களா மேடம்? தீப்பிடிச்சா இது அணைச்சிருமா?"

"எண்ணெய்த் தீ சார். முழுசா அணைச்சிரும்னு சொல்ல முடியாது. சூடு ஏற விடாமப் பிடிச்சு வைக்கும். அதுக்குள்ள நீங்க வெளிய போயிரலாம்."

"சரிங்க. நாங்க போறதுன்னா அங்கிட்டுத்தான் போகணும். வெளிய போற கேட்டு அந்தப் பக்கந்தான இருக்கு."

அவர் கை காட்டியது வடக்கே. குற்றம் சொல்கிற குரல் இல்லை அது; வழி சொல்கிற குரல்தான்.

ஜெயராணி அந்த வெள்ளையைப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போடாமல், சோதனைத் தாளில் 'வடக்குப் பக்கம் நனையவில்லை' என்று எழுதிச் செந்தமிழனிடம் கொடுத்தாள்.

"அடுத்த ஷட்டவுன் எப்பக் கெடைக்கும்னு தெரியுமா மேடம்? வரைஞ்சது நீங்கதான?" என்றார் செந்தமிழன்.

"நான்தான் சார். வந்து பாத்துட்டு வரைஞ்சிருக்கணும். வரல."

போனில் விஷயத்தைக் கேட்ட திருச்சி அலுவலகம், "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் மடியில் நோட்டை வைத்துக் கணக்குப் போட்டாள். தண்ணீர் பீய்ச்சும் நாசில் இன்னும் நான்கு கூட்டினால் அந்தப் பெட்டியின் பின்பக்கம் நனையும். ஆனால் நாற்பது நிமிடத்துக்கு வர வேண்டிய தொட்டித் தண்ணீர் முப்பத்தாறிலேயே தீர்ந்துவிடும். தொட்டிச் சுவரை உயர்த்த வேண்டும். உயர்த்தச் சொன்னால் ஏச்சு வாங்க வேண்டும். நல்ல காரியம் செய்த நிறைவெல்லாம் வரவில்லை. கண் எரிந்தது, அவ்வளவுதான்.

ஏச்சும் வாங்கினாள், சுவரும் உயர்ந்தது. இருபத்தாறு நாள் கழித்து மறுபடி ஷட்டவுன் கிடைத்தது. மறுபடி மாவு தடவி, வால்வைத் திறந்து மூடினார்கள். குணசேகரன் கேபிள் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, சொட்டச் சொட்ட எடுத்துக் காட்டினார். எங்கேயும் வெள்ளை இல்லை. அவள் கையெழுத்துப் போட்டாள்.

"டீ வருது, உள்ள வந்து ஒக்காருங்க மேடம்," என்றார் அவர்.

டீ வந்தபோது அவள் கண்ட்ரோல் ரூம் நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். குணசேகரன் டம்ளரை மேசையில் வைத்து மூடினார். அவளை எழுப்பாமல், மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலையைப் பார்க்கப் போனார்.