ஒரு எண் தள்ளி

‘சரி’ என்று பதில் வந்தது. பம்பு ஓடவில்லை. மூன்று வாரமாக இதே கூத்துதான்.

நான் உட்கார்ந்திருந்தது சித்தூருக்கு வெளியே, காணிப்பாக்கம் ரோட்டில், ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியின் கண்ட்ரோல் ரூமில். தண்ணீர் வருவது ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து. அங்கே ஒரு பம்பு, பக்கத்தில் ஒரு பெட்டி; நடுவில் ரேடியோ. ரேடியோ வழியாகப் பெட்டியோடு பேசும் முறைக்கு மோட்பஸ் என்று பெயர், ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பெட்டிக்குள் எண் போட்ட அறைகள் இருக்கும். இங்கிருந்தபடி ஓர் அறையைப் படிக்கலாம், ஓர் அறையில் எழுதலாம். படிப்பது ஒழுங்காக நடந்தது. கிணற்றில் எத்தனை அடி தண்ணீர், மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, எல்லாம் திரையில் வந்துவிடும். பதினேழாம் அறையில் ஒன்று என்று எழுதினால் பம்பு ஓட வேண்டும். எழுதினால் பெட்டி ‘சரி’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. முடியாது என்றாவது சொல்லித் தொலைத்திருந்தால் எங்கே கோளாறு என்று பிடித்திருப்பேன்.

அது 2005 ஜூன். தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நின்றன. சனிக்கிழமை வெளிநாட்டிலிருந்து கூழ் வாங்குகிறவர்கள் வருகிறார்கள், அவர்கள் கண் முன்னால் திரையைத் தட்டிப் பம்பை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று மேனேஜர் நாகபூஷணம் குதித்துக்கொண்டிருந்தார். முடியாவிட்டால் அப்படியே மெட்ராஸுக்குப் பஸ் ஏறிவிடு, உன் கம்பெனிக்கு நான் பேசிக்கொள்கிறேன் என்று தெலுங்கில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் சொன்னார்.

பம்பு ஹவுஸில் இருந்தவர் முனிசாமி அண்ணன். நகரி பக்கத்தில் என் ஊர்க்காரர், எங்கள் தெருவேதான். எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொரு தரமும் அவருக்குப் போன் பண்ண வேண்டும் என்பது நான் வைத்த சட்டம். எழுதப் போகிறேன், தள்ளி நில்லு என்பேன். “தள்ளிதான் கீறேன், எழுதுபா” என்பார். பிறகு பம்பு ஓடவில்லை என்பார். ஒரு நாளைக்கு நாற்பது தரம் இப்படி. மூன்றாவது வாரம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “நீ எழுதிக்கினே இரு செல்வம், நான் துன்னுட்டு வரேன்” என்று வைத்துவிடுவார்.

அந்தப் பெட்டியில் ஒரு சுவிட்ச் உண்டு: லோக்கல், ரிமோட். லோக்கலில் இருந்தால் அங்கேயே பட்டனைத் தட்டி ஓட்டலாம். இங்கிருந்து எது போனாலும் ஏறாது. ஆனால் லோக்கலில் வைத்தால் என் திரையில் சிவப்பாக மின்னும். அதை அப்படி மின்ன வைத்த புத்திசாலி நான். சிவப்பைப் பார்த்ததும் நாகபூஷணம் போனை எடுத்து அண்ணனைக் கிழிகிழியென்று கிழிப்பார். நாலு நாள் திட்டு வாங்கிய பிறகு அண்ணன் சுவிட்சை ரிமோட்டிலேயே விட்டுவிட்டார். பெட்டியைத் திறந்து, மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கான்டாக்டரை ஒரு குச்சியால் அழுத்தி, குச்சியை அப்படியே செருகிவிடுவார். பம்பு ஓடும். குச்சியைப் பிடுங்கினால் நிற்கும். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பாதி இப்படித்தான் ஓடுகிறது. எனக்கு இது தெரியும். தண்ணீர் வந்தது, திரை பச்சையாக இருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கண்டுபிடித்தேன். பெட்டியோடு வந்த புத்தகத்தில் அறைகளை ஒன்றிலிருந்து எண்ணியிருந்தார்கள். பெட்டி பூஜ்யத்திலிருந்து எண்ணியது. புத்தகத்தில் பதினேழு என்றால் அனுப்ப வேண்டியது பதினாறு. படிக்கும்போது சாஃப்ட்வேர் தானே ஒன்றைக் கழித்துக்கொண்டது, எழுதும்போது கழிக்கவில்லை. மூன்று வாரமும் ஆள் இல்லாத பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன்.

செல்போன் சுவரோரம் சார்ஜில் கிடந்தது. எழுந்து நாலு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். எப்படியும் ஓடப்போவதில்லை, ஒரு தரம் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். பதினாறில் ஒன்று எழுதினேன்.

ஆம்பியர் குதித்து இருபத்தெட்டில் நின்றது. நான் எழுந்து நின்று கைதட்டினேன். கைதட்டினேன், ஐயோ. நாகபூஷணம் ஓடி வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார், ஸ்வீட் வாங்க ஆள் அனுப்பினார். அதற்குப் பிறகுதான் அண்ணனுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது தரமும் எடுக்கவில்லை. பம்பை நிறுத்தப் பூஜ்யம் எழுதினேன். அதுவும் உடனே ஏறியது.

அண்ணன் குச்சியைப் பிடுங்கிவிட்டு, தண்ணீர் ஒழுகிய இடத்தில் ஸ்பானர் போட்டு இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் சுற்ற ஆரம்பித்து வலது கையை இழுத்துக்கொண்டது. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

போன் பண்ணினாயா என்று நாகபூஷணம் அன்று சாயங்காலமே என்னைக் கேட்டார். எப்போதும் பண்ணுவேன் சார் என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கும்.

மூன்றாம் நாள், தெலுங்கில் டைப் அடித்த ஒரு தாளோடு வார்டுக்கு வந்தார். என்னையும் கூட்டி வந்தார். கண்ட்ரோல் ரூமிலிருந்து முன்கூட்டியே போன் வந்தது, அதை மதிக்காமல் வேலை செய்தேன் என்று அதில் இருந்தது. அண்ணன் அதை ஒப்புக்கொண்டால் ஃபேக்டரிக்குப் பொறுப்பில்லை. அவருக்கு நஷ்டஈடும் இல்லை, வேலையும் இல்லை. போன் வரவில்லை என்று சொன்னால் கேஸ் என் மேல் வரும். நாகபூஷணம் தாளைப் படித்துக் காட்டிவிட்டு, போன் வந்ததா என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கட்டில் காலைப் பார்த்தேன்.

“வந்துச்சு சார். நான்தான் கவனிக்கல.”

கட்டிலோரம் நின்றிருந்த சுலோசனா அண்ணி கையில் அவருடைய செல்போன் இருந்தது. “இன்னாத்துக்கு இப்படிச் சொல்றே? அந்த நேரத்துக்கு இதுல ஒண்ணுமே இல்லியே. எல்லாம் அப்புறம் வந்ததுதானே?” என்றாள்.

“சும்மா இரு” என்றார் அண்ணன். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “நம்ம தெருவுல கம்ப்யூட்டர் முன்னாடி குந்துனவன் இவன் ஒருத்தன்தான். இவனையும் தொலைச்சிட்டு இன்னா பண்றது?” என்றார்.

நாகபூஷணத்துக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். காதில் விழாத மாதிரி பையில் மை டப்பாவைத் தேடினார். நான் போன் பண்ணவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை.

“ரேகை வேணாம் சார், நான் கையெழுத்தே போடுவேன்” என்று அண்ணன் பழக்கத்தில் சொல்லிவிட்டார். போர்வைக்குள் கட்டுப் போட்ட வலது கை கொஞ்சம் எழும்பி, கீழே இறங்கியது. நாகபூஷணம் பையிலிருந்து மை டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அண்ணனின் இடது கட்டைவிரலைப் பிடித்தேன். காய்ச்சல் சூடு. மையில் உருட்டித் தாளில் வைத்து அழுத்தினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். விரல் மட்டும் நான் சொன்னபடி கேட்டது. சரியாக விழவில்லை, இன்னொரு தரம் வை என்றார் நாகபூஷணம். வைத்தேன்.