நான் தட்டிய கை

எனக்கு வாய் நீளம். கன்வேயர் பெல்ட் ஓடுகிற இரைச்சலிலும் சண்முகசுந்தரத்தின் குரல் தனியாகக் கேட்கும் என்று நிலக்கரி மைன்ஸில் சொல்வார்கள். அப்படிப்பட்டவனின் மகள் ஆசியக் கோப்பைக்குப் போகும் இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணியில் இடம் பிடித்தால் சும்மா இருப்பேனா? பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தேன். அதில் என் மகள் பவித்ரா ஆள் உயரத்துக்கு நின்றாள். அதே அணிக்குத் தேர்வான சேத்தியாத்தோப்புப் பெண் திலகவதியை மூலையில் தபால் தலை அளவுக்குப் போட்டேன். என் மனைவி இசக்கியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "இது நல்லா இல்ல" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் திலகவதி எங்கள் வீட்டுச் சோறு தின்றவள். நகரிய மைதானத்தில் பயிற்சி முடிந்ததும் எங்கள் குவார்ட்டர்ஸில் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊருக்கு பஸ் ஏறுவாள். பவித்ராவைவிட மூன்று வயது மூத்தவள். என் மகளுக்குப் பந்தை இடது கையால் தட்டிக்கொண்டு ஓடச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். இருவரும் ஆடுவது ஒரே இடம், பாயிண்ட் கார்ட். பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற வேலை. திலகவதி களைத்தால்தான் பவித்ராவுக்கு வாய்ப்பு. அந்தப் பெண்ணுக்கோ களைப்பு என்றால் என்னவென்றே தெரியாது.

மூன்று ஆட்டங்கள் முடிந்துவிட்டன. பவித்ராவை ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. "என்ன சார், பொண்ணு பெஞ்சைத் தேச்சுக்கினு இருக்குதா?" என்று ஷிப்டில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நாலாவது ஆட்டம்தான் கடைசி. அதிலும் இறக்காவிட்டால், என் மகள் ஆசியக் கோப்பைக்குப் போய்ப் பந்தைத் தொடாமலே வீடு திரும்புவாள்.

அந்த ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கள் குவார்ட்டர்ஸ் ப்ளாக்கின் சமூகக் கூடத்தில் திரை கட்டிக் காட்ட ஏற்பாடு செய்திருந்தேன். திலகவதியின் அப்பா மருதமுத்துவையும் ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டிருந்தேன். மனிதர் நிஜமாகவே வந்துவிட்டார். ஒரு பை நிறைய வெண்டைக்காயை இசக்கியிடம் கொடுத்துவிட்டு, என் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மகள் ஆடுவதை இவ்வளவு பெரிதாக இதுவரை பார்த்ததில்லையாம்.

கஜகஸ்தானோடு ஆட்டம். கடைசிக் கால் பகுதி தொடங்கியபோது நாம் நாலு புள்ளி பின்னால் இருந்தோம். கூடமே திலகவதியின் பெயரைச் சொல்லிக் கத்தியது. நான் மட்டும் திரையின் ஓரத்தில் அவ்வப்போது தெரிந்த பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். பவித்ரா ஜெர்சிக்கு மேல் ஜிப் வைத்த ஜாக்கெட் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே போ, கொஞ்சம் வெளியே போயேன் என்று திலகவதியைப் பார்த்து மனசுக்குள் கெஞ்சினேன். கெஞ்சல் திட்டாக மாற ரொம்ப நேரம் ஆகவில்லை.

ஏழு நிமிடம் இருக்கும்போது திலகவதி கூடையை நோக்கி எம்பினாள். எதிரணிப் பெண் ஒருத்தி மோதினாள். கீழே வந்தபோது திலகவதியின் கால் மடங்கியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டுவிட்டாள்.

நான் கைதட்டினேன்.

ஒரு தரம் இல்லை. மூன்று நான்கு தரம், பலமாக, நாற்காலியைவிட்டு எழுந்து நின்று. கூடம் அடங்கிப்போயிருந்தது. என் கைச்சத்தம் மட்டும்தான் கேட்டது. எல்லாத் தலைகளும் திரும்பிய பிறகுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது.

மருதமுத்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கைதட்னா பாப்பா தைரியமா எழுந்துக்கும்னு தட்னீங்களா சார்?" என்று கேட்டார். எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன். "விளையாட்டுல அதான வழக்கம்."

அவர் தலையாட்டினார். உடனே கூடம் முழுக்கக் கைதட்டியது. இசக்கி மட்டும் தட்டவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

திலகவதியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பவித்ரா இறங்கினாள். ஏழு நிமிடமும் ஆடினாள், இரண்டு கூடை போட்டாள். ப்ளாக்கே துள்ளியது. "இன்னா சார், இன்னிக்குப் போயி வாயத் தொறக்க மாட்டேங்கறீங்க?" என்று பக்கத்து வீட்டு ஜெயகணேஷ் முதுகில் தட்டினான். எத்தனை வருஷமாகக் காத்திருந்த ஏழு நிமிடம்! என்னால் திரையை நேராகப் பார்க்க முடியவில்லை. ஐந்து புள்ளியில் தோற்றோம்.

கூட்டம் கலைந்த பிறகும் மருதமுத்து போகவில்லை. மகளின் கால் பற்றி ஏதாவது தெரிந்தால்தான் பஸ் ஏறுவேன் என்று வாசலில் நின்றார். ஒரு மணி நேரம் கழித்து பவித்ரா என் போனுக்குக் கூப்பிட்டாள்.

"எலும்பு முறியலப்பா. ஐஸ் வெச்சிருக்காங்க, நாளைக்கு ஸ்கேன் எடுப்பாங்க. மாமாகிட்ட சொல்லிடுங்க."

சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கமாக நகர்ந்தேன்.

"நல்லா ஆடினடா" என்றேன்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். அக்கா கீழ விழுந்து கத்துறாங்க. கோச் என்னைக் கூப்பிடக்கூட இல்ல. அதுக்குள்ள நான் ஜாக்கெட்டைக் கழட்டிட்டேன்பா. அக்காவுக்கு என்ன ஆச்சுன்னு பார்க்கவே இல்ல. ஜிப்பைத்தான் பார்த்தேன்."

என் பெண், என் ரத்தம்.

"இப்பதான் ரூம்ல அக்காகிட்ட சொன்னேன். சொல்லாம பக்கத்துல உட்கார முடியல. அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டாங்க. நான் அவ்ளோ கெட்டவளாப்பா?"

"இல்ல கண்ணு" என்றேன். "சொல்லிட்டல்ல. நீ அங்கேயே இரு, அவ திரும்புற வரைக்கும் பக்கத்துலயே உட்காந்துரு."

போனை வைத்தேன். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் தாங்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் நான் என் பொய்யை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பேன். அதை நினைக்கத்தான் கூசியது.

மருதமுத்து பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தார். வேகமாகப் போய் அவரை நிறுத்தினேன்.

"அண்ணாச்சி, நான் பொய் சொல்லிட்டேன். பாப்பா எழுந்துக்கணும்னு நான் தட்டல. என் மவ இறங்கப்போறான்னு தட்டிட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தெரியும் சார். பக்கத்துலதான உக்காந்துகினு இருந்தேன். அத்தினி பேரும் உங்களையே பாத்துகினு இருந்தாங்க. அதான் அப்படிக் கேட்டேன்."